கேட்கும்

சோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லைக்கு
ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.

அந்த ஒன்றுமில்லைதான்
ஓட்டேரி தாண்டியதும் வயிற்றைப் பிசையும்,
புரசைவாக்கத்தில் முறுக்கும்,
ஜெமினி மேம்பாலத்தின் மேல்
எழுபது பேர் டிக்கெட்டுக்குக் கை நீட்டுகையில்
எந்த பெட்ரோல் பங்க்கில்
கதவு திறந்திருக்கும் என்று என்னைக் கணக்குப் போட வைக்கும்.
பன்னிரண்டு வருஷ கண்டக்டர் வேலை.
இந்த ஊரின் கோயில்களை அவ்வளவாக அறியேன்.
கழிப்பறைகளைப் பூட்டு முதற்கொண்டு அறிவேன்.

அயனாவரத்தில் டாக்டர் ஹெப்சிபாவின் பலகையில்
அறிதுயில் என்று எழுதியிருந்தது.
தெருவில் அதற்குப் பெயர் வசியம்.
பெருமாள் பாம்பு மேல படுத்துனு இருப்பாரே அதுதான,
அவருக்கு இன்னா ஷிஃப்டா கீது என்றான்
டிரைவர் ஏகாம்பரம்.

தீவுத்திடல் பொருட்காட்சி மேடையில்
சித்தப்பா மகன் வேதகிரி
பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று
கடித்துத் தின்றது எனக்கு நினைவிருக்கிறது.
கைதட்டல் ஓய்ந்தபின் காதில் சொன்னான்:
வெங்காயம்னு தெரியும்டா.
ஆனா அவ்ளோ பேர் பாக்கும்போது
இனிக்கத்தான் செஞ்சுது.

இதை டாக்டரிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஊசலாடும் கடிகாரம் எதுவும் இல்லை.
மின்விசிறி இருந்தது, கரகரவென்று.
கண்ணை மூடி
வயிற்றில் கை வைக்கச் சொன்னார்.
ஓர் ஆறு, அது தன் போக்கில் போகிறது என்றார்.
எனக்குத் தெரிந்த ஆறு கூவம்தான் டாக்டர்.
சரி, மழைக்கு மறுநாள் கூவம் என்றார்.

மழைக்கு மறுநாள்
நேப்பியர் பாலத்தடியில் அது
அவசரமும் அடைப்பும் இல்லாமல்
கடலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது.
அவர் குரலும் கேட்டது.
தூங்கினேனா என்றால் இல்லை.
விழித்திருந்தேனா என்றால்,
ஜன்னலில் தலை சாய்த்து
வாய் திறந்து தூங்குகிறவர்
மந்தைவெளி வந்ததும்
யாரும் எழுப்பாமலே சட்டென்று இறங்குவாரே,
அவருக்குள் ஒருவர் உட்கார்ந்து
ஸ்டாப்பிங் எண்ணிக்கொண்டிருப்பாரே,
எனக்குள்ளிருக்கும் அந்த ஆளோடு
டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வாரம் கேட்டேன், இது விஞ்ஞானமா?
காசு கொடுத்தவன் கேட்கலாம்.

பாதிப் பேரை இப்படிப் படுக்கவைத்தோம் என்றார்.
மீதிப் பேரிடம் சும்மா பரிவாகப் பேசினோம்.
அவர்களுக்கும் கொஞ்சம் தேவலை ஆனது,
அதை மறைக்கமாட்டேன்.
இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட.
அந்த இன்னும் கொஞ்சம்தான்
என் பையிலிருக்கும் சில்லறை.
அதற்கு மேல் யாராவது எண்ணிக் கொடுத்தால்
கள்ள நோட்டா என்று பாருங்கள்.

போன ஜென்மத்துக்கெல்லாம் கூட்டிப்போவார்களாமே?
அங்கே நம்ம வண்டி போகாது.
கட்டியைக் கரைக்குமா?
கரைக்காது.
எனக்குக் கேட்குமா?
சிலருக்குக் கேட்கும்.
சிலருக்குக் கேட்காது.
ஏனென்று முழுசாக யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அந்தச் சொல்லே ஓடியது.
மருந்து கேட்கும் என்கிறோம்.
காது யாருடையது,
மருந்தினுடையதா, குடலினுடையதா?

அவர் கொடுத்த தாளில் கெட்ட நாட்களுக்குக் கோடு போட்டேன்.
மாதம் பத்தொன்பது.
பிறகு பதினொன்று.
பிறகு ஏழு.
மெமோ வாங்கிய மாதம் மறுபடி பதினான்கு,
அன்று தாளைக் கிழிக்கப் பார்த்தேன்.
பிறகு எட்டு.
எட்டிலேயே நிற்கிறது.

நேற்று ஜெமினி மேல் பிசைந்தது.
மழைக்கு மறுநாள் என்றேன் மனசுக்குள்,
கம்பியைப் பிடித்தபடி.
போனதா, தெரியவில்லை.
லஸ்ஸில் ஒரு பெண் அடையாறு ரெண்டு என்றபோதுதான்
வயிறு என்று ஒன்று இருப்பதே
ஞாபகம் வந்தது.

டிப்போ திரும்பும் நடையில்
ஏகாம்பரம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
நெசமாவே வேல செய்யுதா,
இல்ல நீயா நெனச்சிக்கினியா?

பின்படிக்கட்டில் கடைசி ஆள் ஏறிக்கொண்டிருந்தார்.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை அவனுக்கு,
இத்தனை வருஷமாக.
ரெண்டு விசில் கொடுத்தேன்.
கால் தானாக கிளட்ச்சுக்குப் போனது.